தார் ராக்ஸ்: ஜீப்புக்கு பின் கதவு வந்தாச்சு

மஹிந்திராவோட அஞ்சு கதவு தார் ராக்ஸ், டீசல் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்குறது) ஆட்டோமேட்டிக் எடுத்து எட்டு மாசம் ஆச்சு, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் நமக்கு கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு, அதனால ஷோவுக்கு வாங்குன வண்டி இல்ல, நெசமாவே மேடு பள்ளத்துல ஓடுற வண்டி.

எங்க சித்தப்பாட்ட பழைய தார் கெடக்கு, 2010ல மொதல்ல வந்த மாடல். அதுல பின்னாடி ஏறணும்னா கம்பிய புடிச்சு தொங்கி ஏறி எதிரும் புதிருமா பெஞ்சுல இருக்கணும், பேச்சிப்பாறை போய் சேர்றதுக்குள்ள எதிர்ல இருக்கவன் முட்டியும் நம்ம முட்டியும் இடிச்சு இடிச்சு சொந்தமாயிரும். பின்னாடி லாரி மாதிரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சஸ்பென்ஷன் வேற, சொல்லவே வேண்டாம். 2020ல புதுசா மாத்துனப்ப பின் சீட்டு முன்னாடி பாத்து வந்துச்சு, ஆனா ஏறணும்னா முன் சீட்ட மடக்கி நுழையணும். எங்க அம்மா அதை பாத்துட்டு "என்னைய கயித்துல கட்டியா மக்கா உள்ள எறக்க போற"ன்னு கேட்டாவ, அதோட அந்த பேச்சு முடிஞ்சு போச்சு.

2024 ஆகஸ்ட்ல ராக்ஸ் வந்தப்ப நான் மொதல்ல பாத்தது இஞ்சினையோ கிரில்லையோ இல்ல, பின் கதவை. கைப்பிடி கதவோட பின் ஓரத்துல செங்குத்தா ஒளிஞ்சு கெடக்கும், அம்மா தடவி தடவி தேடுனாவ, கண்டுபிடிச்ச பெறகு சேலைய ஒரு கையில ஒதுக்கிட்டு, தூண்ல இருக்க பிடிய புடிச்சு ஒரே மூச்சுல ஏறிட்டாவ. ஒசரம் ஒசரம்தான், ஆனா உள்ள இருந்துட்டா கால் நீட்ட எடம் தாராளம். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல 2850 மில்லிமீட்டர், 2020ல வந்த மூணு கதவு தாரை விட 400 கூட, அந்த 400 தான் வீட்டுக்காரங்கள சமாதானப்படுத்துச்சு.

அந்த 400 சும்மா வரல பாத்துக்கோங்க. மூணு கதவு தார்ல ஒரு திட்டு மேல அடிவயிறு தட்டாம ஏறி எறங்குற கோணம் 27 டிகிரி, இதுல 23.9. நம்ம தோட்டத்து வழில மண்ணு மேடு தட்டி கெடக்குற எடத்துல சித்தப்பாவோட பழைய குட்டை வண்டி சட்டுனு தாண்டும், நான் ஓரத்துல ஒரு சக்கரத்த ஏத்தி சாய்ச்சு போக வேண்டியிருக்கு. தண்ணி விஷயத்துல கொறையில்ல, 650 மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது, மழைக்கு சப்பாத்துல (தரைப்பாலத்துல) முழங்கால் தண்ணி போனப்ப அசையாம வந்துச்சு. ஆட்டோமேட்டிக்ல 370 நியூட்டன்மீட்டர் டார்க், அதாவது இழுவை, ஏத்தத்துல ஆக்சிலேட்டர மிதிக்கவே தோணாது. மட், சேண்ட், ஸ்னோன்னு மோடு குடுத்திருக்கான், ஸ்னோ மோட வச்சு நான் கன்னியாகுமரில என்ன பண்ண.

மார்த்தாண்டம் டிராபிக்ல ஸ்டியரிங் பூ மாதிரி, பழசுல தோள்பட்டை கழண்டுரும். குழில மெதுவா போனா மட்டும் இடமும் வலமும் தலை ஆடும். மைலேஜ் எனக்கு ஊருக்குள்ள பத்து, பதினொண்ணு.

எனக்கு ஒத்துவராதது ஒண்ணுதான், அந்த வெள்ளை சீட்டு. செம்மண்ணும் ரப்பர் பாலும் ஒட்டுற ஊருக்கு வெள்ளையா? கவர் போட ஒரு கடைக்கு போனேன், அவன் சீட்டு பக்கவாட்டுல ஏர்பேக் இருக்க எடத்தையும் சேத்து இறுக்கி தைக்க பாத்தான், நல்லவேளை பக்கத்துலயே நின்னேன். ஆறு ஏர்பேக்குள்ள வண்டிய வாங்கிட்டு ரெண்ட நாமளே தைச்சு மூடுனா எப்படி, கவர் போடுறவங்க கேட்டு பாத்து போடுங்க.

டிக்கி 447 லிட்டர், மூட்டை நல்லாவே கொள்ளும். ஆனா ஒட்டுப்பால் (வெட்டுன மரத்துலயும் சிரட்டையிலயும் ஒறஞ்சு ஒட்டுன ரப்பர் பால்) மூட்டைய அதுல ஏத்த மனசு வரமாட்டேங்குது, அந்த நாத்தம் ஒருவாட்டி ஏறிச்சுன்னா எறங்காது. அதுக்கு இப்பவும் சித்தப்பாக்கு போன் போட்டு பழசத்தான் கூப்பிடுறேன், அவரும் வந்து ஏத்திட்டு, கண்ணாடி வழியா என் வெள்ளை சீட்ட ஒரு பார்வை பாத்துட்டு போவாரு.