தாண்ட்ராவா, கடற்பாசியா, குச்சி ஐஸா, நறுக்கிய கொய்யாவா?

பள்ளி விட்டு மாலை நான்கரை மணிக்குப் பசியோடு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பது, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் உள்ள அம்மாக்கள் அனைவருக்கும் அன்றாடக் கவலை. தெருமுனைப் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் கொடுத்தால் பழத்தின் படம் அச்சிட்ட ஜெல்லி மிட்டாய் கிடைக்கும். அதில் பழத்தின் படம் இருக்கிறதே தவிர, பெரும்பாலும் சர்க்கரையும் நிறமும் வாசனைப் பொருளும்தான் உள்ளே இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் ரோடமைன் பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தபோதுதான், துணிக்குப் போடும் சாயத்தை நம் பிள்ளைகள் தின்றிருக்கிறார்களே என்று எங்களில் பலர் முதன்முதலாகப் பதறினோம். அதன் பிறகு எட்டு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் பழத் தின்பண்டங்களை வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். இந்த இரண்டு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தவை நான்கு: வெயிலில் காயவைத்த மாம்பழத் தாண்ட்ரா, கடற்பாசியில் (அகர் அகர்) உறையவைத்த பழ ஜெல்லி, பழக்கூழில் செய்த குச்சி ஐஸ், எதுவும் செய்யாமல் நறுக்கி வைத்த பழம்.

இவற்றை ஒப்பிடும்போது நான் பார்ப்பது மூன்று விஷயங்களை. பழத்திலிருந்து எது போய்விட்டது, பழத்தோடு எது சேர்ந்துவிட்டது, எங்கள் பகுதியின் காற்றிலும் தண்ணீரிலும் அதைச் சுத்தமாகச் செய்ய முடிகிறதா என்பவையே அவை. ருசியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் பசித்து வரும் குழந்தைக்கு இந்த நான்குமே பிடித்துவிடுகின்றன.

முதலில் தாண்ட்ரா. வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வதால், கோதாவரிக் கரையின் ஆத்ரேயபுரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இந்தப் பண்டம் எங்கள் மொட்டை மாடிகளுக்கும் பழகிய ஒன்று. மாம்பழத்தைப் பிழிந்து, கூழை வடிகட்டி, நெய் தடவிய தட்டில் மெல்லிய பூச்சாக ஊற்றி, காய்ந்த பின் அதன் மேலேயே அடுத்த பூச்சு என்று கத்திரி வெயிலில் மூன்று நான்கு நாள் காயவைத்தால், தோல் போல உரித்தெடுக்கலாம். பங்கனப்பள்ளியில் நார் குறைவு என்பதால் பூச்சு வழவழப்பாக வரும். எங்கள் மாடி வீட்டுப் பாட்டியம்மா செய்வது அப்படித்தான் வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன் நிறத்தில் மறுபக்கம் தெரியும்.

ஆனால் அந்தத் தேன் நிறத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாம்பழச் சதையில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் தண்ணீர்தான். அது ஆவியாகிவிட்டால் ஒரு கிலோ கூழ் ஏறத்தாழ 200 கிராம் தாண்ட்ராவாகச் சுருங்கிவிடும். 100 கிராம் மாம்பழத்தில் இருந்த சுமார் 14 கிராம் சர்க்கரை, இப்போது 20 கிராம் எடையுள்ள, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு துண்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு மாம்பழத்தைத் தின்ற பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். அதே அளவு சர்க்கரையைத் தாண்ட்ராவாகத் தின்ற பிள்ளை இன்னொரு துண்டு கேட்கும். வெயிலிலும் காற்றிலும் பல நாள் கிடப்பதால் வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. பலர் கூழிலேயே சர்க்கரையோ வெல்லமோ கலக்கிறார்கள். வெல்லம் என்றால் பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரையின்படி, வெல்லமோ தேனோ, நாம் மேலே சேர்க்கிற எந்த இனிப்பும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். நாளின் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குக் குறைவாகவும், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்குக் குறைவாகவும் இந்தச் சர்க்கரையை வைத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தப் பரிந்துரை. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது ஏறக்குறைய 17 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. காலைப் பாலிலும் பிஸ்கட்டிலுமே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. கடைவாய்ப் பல்லின் குழியில் தாண்ட்ரா ஒட்டிக்கொண்டு எளிதில் கரையாமல் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம்விட என்னைத் தடுத்தது எங்கள் காற்று. போன கோடையில் நான் முதன்முதலாகச் செய்தபோது, தட்டை மாடியில் வைத்துவிட்டு மாலையில் எடுக்கப் போனேன். மேற்பூச்சு முழுவதும் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகளின் புகையும் தூசியும் எங்கள் கொடித் துணிகளில் படிவதைத் தினமும் பார்க்கிறவள் நான். ஈரமான மாம்பழக் கூழில் அது படியாமல் போகுமா? துடைக்கவும் முடியாது, ஏனென்றால் அது கூழோடு சேர்ந்து காய்ந்துவிட்டது. இரண்டு கிலோ பழத்தை அப்படியே கொட்டினேன். பாட்டியம்மாவிடம் சொன்னபோது, "வெயில் மட்டும் போதாதும்மா, மேலே மல் துணி கட்டணும், கடல்காத்து ஏறுறதுக்கு முன்னாடி உள்ளே எடுத்துடணும்" என்றார். அவர் நான்கு பக்கமும் செங்கல் வைத்து, தட்டில் படாதபடி துணியை இழுத்துக் கட்டுகிறார். அப்படிச் செய்தபோது எனக்கும் சுத்தமாக வந்தது. ஆயினும் மூன்று நாள் காவல் காக்க வேண்டிய ஒரு பண்டத்தை, கோடை விடுமுறையில் ஒருமுறை செய்யும் விருந்தாகத்தான் என்னால் வைத்துக்கொள்ள முடியும்.

கடற்பாசியின் கதை வேறு. மண்ணடியிலும் ராயபுரத்திலும் நோன்புக் காலத்தில் இஸ்லாமிய வீடுகளில் கடற்பாசி செய்யாத நாள் குறைவு. எதிர் வீட்டு அக்காவிடம்தான் நானும் கற்றுக்கொண்டேன். இது கடலில் விளையும் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளும் இதற்கு மூலப்பொருளாகின்றன. கடையில் விற்கும் ஜெல்லிப் பொடிகள் பலவற்றில் இருக்கும் ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. அது நம் ஊர் வெயிலில் தட்டிலேயே இளகிவிடும். கடற்பாசியோ சுமார் 35 முதல் 40 டிகிரியில் உறைந்துவிட்டால், மறுபடி ஏறக்குறைய 85 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் உருகும். அதனால் மே மாதத்து மின்வெட்டிலும் அது தட்டில் நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு. பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை என்பதால், அந்தப் பழங்களைப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. கடற்பாசி புரதம் அல்ல, கார்போஹைட்ரேட் வகையைச் சேர்ந்தது; எந்தப் பழத்தோடும் அது உறையும்.

செய்முறையில் ஒரே ஒரு இடத்தில்தான் தவறு நேரும். 10 கிராம் கடற்பாசி இழைகளைக் கால் மணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் ஓர் இழைகூடத் தெரியாத அளவுக்குக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அதனுடன் அரை லிட்டர் பழக்கூழைச் சேர்க்க வேண்டும். முதல்முறை நான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாத்துக்குடிச் சாற்றை நேராக ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே அது திரிந்ததுபோலக் கட்டி கட்டியாக உறைந்து, கரண்டியில் நூல் நூலாகத் தொங்கியது. பழக்கூழ் அறையின் சூட்டில் இருக்க வேண்டும் என்பதும், புளிப்புப் பழங்களைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் உறையும் தன்மை குறைந்துவிடும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதும் அன்று புரிந்தன. நன்கு கனிந்த மாம்பழமோ சப்போட்டாவோ என்றால் சர்க்கரை தேவையே இல்லை. சாத்துக்குடிக்கு மட்டும் இரண்டு பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்க்கிறேன்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். பாதி தண்ணீர் என்பதால் 100 கிராம் ஜெல்லியில் 50 கிராம்தான் பழம். சாற்றில் செய்தால் பழத்தின் நாரும் போய்விடும்; அதனால் சாறு பிழியாமல், சதையோடு அரைத்த கூழைத்தான் பயன்படுத்த வேண்டும். என் மகனைப் போன்ற சிறு குழந்தைகளுக்கு இதைச் சிறு கிண்ணங்களில் உறையவைத்து, அப்படியே உறிஞ்சச் சொல்லிக் கொடுக்கவே கூடாது. வழுக்கும் துண்டு முழுதாகத் தொண்டைக்குள் போய் மூச்சை அடைக்கும் ஆபத்து உண்டு. தட்டில் மெல்லியதாக ஊற்றி, உறைந்த பின் பொடியாக நறுக்கி, உட்காரவைத்துத்தான் கொடுக்கிறேன்.

குச்சி ஐஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழக்கூழை அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பதால் சத்து பெரிதாக எதுவும் இழக்கப்படுவதில்லை. உறைநிலையில் வைட்டமின் சி நன்றாகவே நிற்கும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரிவதால்தான் கடை ஐஸில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். வீட்டில், பூவன் பழத்தையும் தர்பூசணியையும் சேர்த்து அடித்தால் வாழைப்பழத்தின் கூழ்மையால் ஐஸ் கல்லாகாமல் மிருதுவாக வரும். ஆனால் உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பி, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறைநிலை கிருமிகளைத் தூங்கவைக்குமே தவிர, கொன்றுவிடாது. தண்ணீரே சேர்க்காமல் செய்வது நல்லது. சேர்த்தால் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். மின்வெட்டில் உருகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது.

கடைசியாக நறுக்கிய பழம். செய்வதற்கு ஒன்றுமில்லாத இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன், அதிலும் கொய்யாவை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அது ஆரஞ்சில் இருப்பதைப்போலச் சுமார் நான்கு மடங்கு. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 80 மில்லிகிராம்தான் பரிந்துரை என்றால், பாதிக் கொய்யா ஒரு குழந்தைக்கு எவ்வளவு தாராளம் என்று பாருங்கள். 100 கிராம் கொய்யாவில் ஐந்து கிராமுக்குக் குறையாத நாரும் கிடைக்கிறது. இந்த வைட்டமின் சி, பயறிலும் கடலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது என்பது எங்களுக்கு மிகவும் முக்கியம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதனால் கொய்யாவைத் தனியாக வைக்காமல், அதே தட்டில் ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டலையும் வைக்கிறேன். மகனுக்கு மட்டும் அதை மசித்துக் கொடுக்கிறேன். தாண்ட்ராவோ ஜெல்லியோ இந்த வேலையை இந்த அளவுக்குச் செய்யாது.

நறுக்கிய பழத்தின் மேல் பிள்ளைகளுக்கு உள்ள ஒரே புகார், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அது பழுப்பாகிவிட்டது என்பதுதான். காற்றுப் பட்டதும் பழத்தில் உள்ள நொதி வேலை செய்வதால் அந்த நிறம் வருகிறது. பழம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நறுக்கிய துண்டுகளை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தாலோ, எலுமிச்சைச் சாற்றில் புரட்டினாலோ மதியம் வரை நிறம் மாறாது. என் மகள் உப்புத் தண்ணீர் முறையை விரும்புகிறாள், தள்ளுவண்டிக் கொய்யாவின் ருசி அதில் வருகிறதாம். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்கிறேன். திராட்சையாக இருந்தால், மகனுக்கு ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காகப் பிளந்துதான் வைக்கிறேன். முழுத் திராட்சையும் தொண்டையை அடைக்கக்கூடியதே.

விலையைப் பார்த்தாலும் கொய்யாவும் பூவன் பழமும் பப்பாளியும் காலடிப்பேட்டைச் சந்தையில் ஆண்டு முழுவதும் கட்டுப்படியாகின்றன. மாம்பழத்தைப் பொறுத்தவரை, பருவம் தொடங்குமுன் ஒரே மாதிரி மஞ்சளாகப் பளபளக்கும் பழங்களை நான் வாங்குவதில்லை. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆர்சனிக், பாஸ்பரஸ் எச்சங்கள் அதில் வரக்கூடும். காயாக வாங்கி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் நான்கைந்து நாளில் தானே பழுக்கும், மணமும் டப்பாவைத் திறக்கும்போதே தெரியும்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் நறுக்கிய பழமும் சுண்டலும், சனிக்கிழமை கடற்பாசி, ஞாயிற்றுக்கிழமை வெயில் அதிகமானால் குச்சி ஐஸ். தாண்ட்ராவுக்கு மே மாதம் வர வேண்டும். பாட்டியம்மாவின் மல் துணியையும் அவரையும் நம்பி, இந்த ஆண்டும் சர்க்கரை சேர்க்காமல் ஒரே ஒரு தட்டு ஊற்றப் போகிறேன். விரல் அகலத்துக்கு வெட்டி, பிள்ளைகள் சோறு சாப்பிட்டு முடித்த பின் ஆளுக்கொன்று கொடுத்து, உடனே வாய் கொப்பளிக்க வைப்பேன்.