ஆலன் கிளார்க்: இருபது ஆண்டுப் பணியைக் கண்முன் நிறுத்தும் ப்ளூ-ரே தொகுப்பு

பிரிட்டிஷ் இயக்குநர் ஆலன் கிளார்க் 1990இல் தமது 54ஆம் வயதில் மறைந்தபோது, திரையரங்குகளுக்காக அவர் இயக்கியிருந்த படங்கள் மூன்றுதான். மற்ற உழைப்பெல்லாம் தொலைக்காட்சிக்கே சென்றது. அதனால்தான் கென் லோச், மைக் லீ ஆகிய பிரிட்டிஷ் இயக்குநர்களை நன்கறிந்த திரைப்பட ரசிகர்களில் பலரிடம்கூட அவர் பெயர் போய்ச் சேரவில்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2016இல் வெளியிட்ட 'டிஸ்ஸென்ட் அண்ட் டிஸ்ரப்ஷன்' தொகுப்பு, 1969 முதல் 1989 வரை அவர் பிபிசிக்காக இயக்கிய தனி நாடகங்களில் அழியாமல் எஞ்சிய 23ஐயும் ஒருங்கே தந்து அந்தக் குறையைத் தீர்க்கிறது.

சிறார் சீர்திருத்தச் சிறையின் கொடுமையைச் சொன்ன 'ஸ்கம்' நாடகத்தை 1977இல் பிபிசி ஒளிபரப்ப மறுத்தது. கிளார்க் அதே கதையை, அதே ரே வின்ஸ்டோனை நாயகனாக்கி, 1979இல் திரைப்படமாக எடுத்தார். மூல நாடகம் அவர் இறந்த பிறகு, 1991இல்தான் ஒளிபரப்பானது. அந்த மூல வடிவமும், கால்பந்து வன்முறைக் கும்பலைப் பற்றிய 'தி ஃபர்ம்' படத்தின் இயக்குநர் தொகுத்த வடிவமும் இதில் உள்ளன.

வன்முறையை எடுத்தவர் என்று மட்டும் அவரைக் குறுக்கிவிடுவது எவ்வளவு தவறு என்பது, வட்டுகளைக் காலவரிசைப்படி பார்த்தால் விளங்கும். வூஸ்டர்ஷையர் கிராமத்துப் பாதிரியார் மகனின் கனவுகளைப் பின்தொடரும் 'பெண்டாஸ் ஃபென்' (1974) அவர் எடுத்ததே; பாடகர் டேவிட் போவி நடித்த 'பால்' (Baal, 1982) அவர் எடுத்ததே. எண்பதுகளில் ஸ்டெடிகேம் (நடந்தபடியே ஆடாமல் படமெடுக்க உதவும் கேமராத் தாங்கி) கைக்கு வந்ததும் அவருடைய மனிதர்கள் நடக்கத் தொடங்குகிறார்கள். கேமரா அவர்களை விடாமல் தொடர்கிறது.

வட அயர்லாந்துக் கொலைகளைப் பற்றிய 'எலிஃபென்ட்' (1989) அந்த நடையின் உச்சம். நாற்பது நிமிடங்களுக்குள் பதினெட்டுக் கொலைகள். கதையில்லை, பெயர்களில்லை, வசனமும் அநேகமாக இல்லை. ஒருவன் நடந்து வருகிறான், சுடுகிறான், நடந்து போகிறான். பிறகு கேமரா சடலத்தின்மீது நிலைத்து நின்று, நாம் கண்ணைத் திருப்பிக்கொள்ள விரும்பும் அளவுக்கு நேரத்தை நீட்டுகிறது. காரணம் சொல்லாமல் இருப்பதே இந்தப் படத்தின் நேர்மை என்று நான் கருதுகிறேன்.

தொகுப்பில் குறைகளும் உண்டு. டிம் ராத் அறிமுகமான 'மேட் இன் பிரிட்டன்' பிபிசிக்காக அல்லாமல் ஐடிவி என்ற வேறு தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது என்பதால் இதில் இல்லை. கிளார்க்கை முழுமையாக அறிய விரும்புவோர் அதைத் தனியே தேடிப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றிய ஆவணப்படம் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிந்து கிடப்பது கோவையாகப் பார்க்க நினைப்பவருக்கு இடையூறு. ஸ்டுடியோ வீடியோவில் பதிவான நாடகங்களில், 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தவற்றின் துல்லியத்தை எதிர்பார்க்கவும் இயலாது. ப்ளூ-ரே வட்டுகள் ஏ, பி, சி என மண்டலவாரியாகப் பூட்டப்படுவதுண்டு. பிரிட்டனில் வெளியாகும் வட்டுகள் பலவும் பி மண்டலத்துக்கு உரியவை, இந்தியா சி மண்டலத்தில் இருக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் பிளேயர் எந்த மண்டல வட்டுகளை ஏற்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.