கிராண்ட்எம்ஏ3: குளோனா, ரெசிபியா?

கிராண்ட்எம்ஏ3 மேடை விளக்குகளை இயக்கும் கன்சோல். அதில் ஒரு விளக்குக்கு எழுதியதை இன்னொன்றுக்கு நகலெடுப்பது குளோன்; எந்த விளக்குக் குழுவுக்கு எந்த மதிப்பு என்ற செய்முறையை மட்டும் எழுதிவைப்பது ரெசிபி. ஊர் ஊராகச் செல்லும் நிகழ்ச்சிக்கு ஒரே ஷோ ஃபைலை (நிகழ்ச்சியின் விளக்கு நிரல் முழுதும் உள்ள கோப்பை) வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் உழைப்பு
குளோன்: குறைவு. வழக்கம்போல் க்யூ (நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்துக்குமான விளக்கமைப்பு) எழுதலாம்.
ரெசிபி: அதிகம். குழுக்களையும் ப்ரீசெட்களையும் (நிறம், திசை போன்ற சேமித்த மதிப்புகள்) முன்கூட்டியே ஒழுங்காக அமைக்க வேண்டும்.

விளக்குகளின் எண்ணிக்கை மாறினால்
குளோன்: பழைய விளக்கின் மதிப்புகளை அப்படியே புதியதற்கு நகலெடுக்கும். 12 நகரும் விளக்குகளில், அசைவின் கட்டம் (phase) விளக்குக்கு விளக்கு 30 பாகை மாறும்படி முழு வட்டமாகப் பரப்பிய அலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய அரங்கில் 8 விளக்குகள்தான் என்றால், முதல் எட்டின் மதிப்புகளோடு அலை 210 பாகையிலேயே நின்றுவிடும். கடைசி விளக்கிலிருந்து முதல் விளக்குக்குத் திரும்பும்போது ஒரு தாவல் பளிச்சென்று தெரியும்.
ரெசிபி: குழுவில் அந்த எட்டையும் வைத்து 'குக்' செய்தால் (ரெசிபியை மதிப்புகளாக மாற்றினால்), 45 பாகை இடைவெளியில் அலை புதிதாகப் பரவும். எனக்கு ரெசிபி பிடித்துப்போனதே இதனால்தான்.

அரங்கில் நேரம்
இரண்டிலும் பொசிஷன் ப்ரீசெட்களை (விளக்குகள் நோக்கும் திசைகளை)த் திருத்தியே ஆக வேண்டும். அதில் தப்பிக்க வழியில்லை.

ஒரே அரங்கில் சில விளக்குகளை மட்டும் கூட்டுகிறீர்களா? குளோன் தாராளமாகப் போதும். அரங்குதோறும் விளக்குகள் மாறும் சுற்றுப்பயணமா? புறப்படும் முன் இரண்டு நாள் ஒதுக்கி ரெசிபியில் எழுதிவிடுங்கள்.