ஜப்பான் டீச்சர் வேலைக்கு 'ஃபுல் செட்' வாங்கும் முன் ஒரு நிமிடம்

ஜப்பான் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. போட்டோ, இன்டர்நேஷனல் லைசென்ஸ், மெடிக்கல் எல்லாம் ஒரே கட்டாக, ஒரே விலையில். எங்கள் பார்வைக்கு வந்த ஒரு ரசீதில் 14,500 ரூபாய் என்று இருந்தது. பேனாவால் 'ஜப்பான் ஃபுல் செட்' என்று எழுதி, எதற்கு எவ்வளவு என்ற பிரிவே இல்லாமல் ஒரு கையெழுத்து. அந்தக் கட்டில் ஒரு தாள்கூட அங்கே உதவவில்லை. கடைப் பெயரை விட்டுவிடுகிறோம். ஒன்று மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று திறக்கும். சரக்கைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு.

அந்த லைசென்ஸை முதலில் பார்ப்போம். ஏ.டி.எம். கார்டு அளவில் பிளாஸ்டிக் அட்டை, மூலையில் உலக உருண்டை, சாய்த்தால் மின்னும் ஹோலோகிராம். கூடவே வழவழ தாளில் ஒரு குட்டிப் புத்தகம். செல்லுபடி 10 ஆண்டு. போலி என்று சொல்ல இந்தக் கடைசி வரியே போதும். இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பெர்மிட். சாலைப் போக்குவரத்துக்கான 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தரும் பெர்மிட்டுக்கு ஆயுள் ஒரே ஆண்டு. 1968 வியன்னா உடன்படிக்கைப் பெர்மிட் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதை ஜப்பான் ஏற்பதே இல்லை. பத்து ஆண்டு என்று எந்த உடன்படிக்கையிலும் கிடையாது. இந்த அட்டையை நம்பி அங்கே வண்டி எடுத்தால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். வேலையும் விசாவும் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான பெர்மிட் பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. சாம்பல் நிற அட்டை போட்ட காகிதப் புத்தகம், ஏ6 அளவு, அதாவது 10.5 × 14.8 செ.மீ. 1949 செப்டம்பர் 19 என்ற உடன்படிக்கைத் தேதி அதில் இருக்கும். உள்ளே வாகன வகைகளுக்கு நேராக முத்திரை: பைக்குக்கு 'ஏ', காருக்கு 'பி'. 2022 ஆகஸ்டில் இந்தியா முழுவதற்கும் ஒரே வடிவம் வந்துவிட்டது. உங்கள் லைசென்ஸோடு இணைக்கும் க்யூ.ஆர். குறியீட்டுக்கும் அதில் இடம் உண்டு. 1949 உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இருப்பதால் இரண்டு நாட்டுப் பெர்மிட்டும் ஜப்பானில் செல்லும்.

இதற்கு ஏஜென்ட் எதற்கு என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் படிவம் 4ஏ, அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், மீதி வேலை உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில். 'மெடிக்கல் எடுக்கணும், விசா காப்பி வேணும்' என்று கூடுதலாகக் கறக்கிறார்கள். இந்த இரண்டு நிபந்தனையையும் 2021 ஜனவரியிலேயே மத்திய அரசு எடுத்துவிட்டது.

போலியைவிட மோசமானது ஒன்று உண்டு: உண்மையான பெர்மிட்டைத் தவறான நேரத்தில் எடுத்துக் கொடுப்பது. பெர்மிட்டின் ஓராண்டு, அது வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். விண்ணப்பிக்கும்போதே, அக்டோபரில், ஃபுல் செட்டோடு பெர்மிட்டையும் எடுத்தால் நீங்கள் விமானம் ஏறும்போது பாதி ஆயுள் போயிருக்கும். ஜப்பானின் கணக்கு வேறு: அங்கே இறங்கிய நாளிலிருந்து ஓராண்டு அல்லது பெர்மிட் முடியும் நாள், எது முந்தியதோ அது. ஆகவே இதை டிக்கெட் போட்ட பிறகு, கடைசி வேலையாகச் செய்யுங்கள்.

'பெர்மிட் காலம் முடிஞ்சா கவலைப்படாதீங்க, தூதரகம் வழியா வருஷா வருஷம் ரினியூவல் பண்ணித் தர்றோம்' என்பது அடுத்த வலை. வெளிநாட்டில் இருந்தபடி புதுப்பிக்கும் வசதி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் ஜப்பானில் வசிப்பவராகப் பதிவான பிறகு, குறைந்தது மூன்று மாதம் ஜப்பானுக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால்தான் ஜப்பானில் அந்த ஓராண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் வந்துபோவது சேராது. பெர்மிட் புதிது, ஓட்டும் உரிமை பழையபடி காலாவதி.

முதல் ஆண்டுக்குள் ஜப்பான் லைசென்ஸாக மாற்றியாக வேண்டும். அங்கே சிக்கல் வருவது இந்திய லைசென்ஸில்தான். லைசென்ஸ் வாங்கிய பிறகு அதைக் கொடுத்த நாட்டில் மூன்று மாதமாவது இருந்ததை பாஸ்போர்ட் முத்திரையோடு காட்ட வேண்டும். வேலை கிடைத்ததும் அவசரமாக லைசென்ஸ் எடுத்து அடுத்த மாதமே கிளம்புபவர் இதிலேயே விழுந்துவிடுவார். பழைய அட்டையில் முதலில் வழங்கிய தேதி இல்லையென்றால், ஊரை விட்டுக் கிளம்புமுன் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட், அதாவது ஆர்.டி.ஓ. பதிவிலுள்ள உங்கள் லைசென்ஸ் விவரச் சான்று, எடுத்து வையுங்கள். அசல் அட்டையை 'வெரிஃபிகேஷனுக்கு' என்று ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டால் அன்றே திருப்பி வாங்குங்கள். டிஜிலாக்கர் படத்தைக் காட்டி அங்கே காரியம் ஆகாது.

நம்முடைய இனிஷியல் விவகாரமும் இங்கேதான் வெடிக்கும். லைசென்ஸில் 'கண்ணன் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பெர்மிட் லைசென்ஸைப் பார்த்து அடிக்கப்படுகிறது, ஜப்பானிலோ எல்லாமே பாஸ்போர்ட் பெயரில் நடக்கும். 'அதெல்லாம் பார்க்க மாட்டாங்க சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். முதலில் லைசென்ஸில் பெயர்த் திருத்தம், பிறகு பெர்மிட்.

மாற்றும் தேர்வும் இப்போது கடுமை. இந்திய லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் விலக்கு இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் 10 கேள்வி 50 ஆகிவிட்டது, 45 சரியாக இருக்க வேண்டும். இந்தியாவில் இருந்தபடியே மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் முகவரிப் பதிவு செய்து, அதற்கான சான்றோடு நீங்களே நேரில் நின்றால்தான் நடக்கும்.

இனி போட்டோ. சின்ன விஷயம் என்று நினைப்பதால்தான் இதில் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். விசாவுக்கு முன் உங்கள் நிறுவனம் ஜப்பானில் எடுக்கும் சி.ஓ.இ. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வேண்டியது 4 × 3 செ.மீ. உயரம் 4, அகலம் 3. நம்மூர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் என்றால் 4.5 × 3.5. கடைக்காரர் புதிதாக எடுக்காமல், இருக்கிற பிரின்டையே கத்தரியால் நான்கு பக்கமும் நறுக்கித் தருகிறார். பாஸ்போர்ட் போட்டோவில் தலை உச்சி முதல் தாடை வரை சுமார் 34 மி.மீ. இருக்கும். 40 மி.மீ. உயரத்துக்கு நறுக்கினால் மேலும் கீழும் சேர்த்து மிச்சம் 6 மி.மீ.தான். முகம் சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும். 4 × 3-இல் முகம் ஏறத்தாழ 25 மி.மீ. இருக்க வேண்டும், எனவே நறுக்கக் கூடாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி கிராப் செய்ய வேண்டும். 300 டி.பி.ஐ.யில் 354 × 472 பிக்ஸல். 4 × 6 அங்குலத் தாளில் இடைவெளி விட்டு 8 படம் தாராளமாக அடங்கும், ஆகவே 'ஜப்பான் சைஸ் ஸ்பெஷல் ரேட்' என்பதெல்லாம் சும்மா.

இன்னொன்று, எடிட்டிங். கேட்காமலேயே நிறத்தை வெளுப்பாக்கி, மச்சத்தை அழித்து, வேறு யாருடைய கோட்டையோ கழுத்துக்குக் கீழே ஒட்டிவிடுகிறார்கள். முடியைச் சுற்றி வெட்டிய கோடு ஒளிவட்டம்போலத் தெரியும். காது ஓரத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கோட் வேண்டுமென்றால் இரவல் வாங்கியாவது உண்மையாகப் போட்டுக்கொண்டு எடுங்கள். பின்னணி வெறும் வெள்ளை, நிழல் விழாமல். ஆறு மாதத்துக்குள் எடுத்த படம்தான் செல்லும், எனவே 32 காப்பி அடித்து அடுக்குவது வீண். பிரின்டைவிடக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் மாற்றும்போது அங்கே 3 × 2.4 செ.மீ. என்று இன்னொரு அளவு கேட்பார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் அந்த அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம், விமானத்துக்கும் எடுத்துப் போக வேண்டாம். அட்டை, வந்த கூரியர் உறை, வாட்ஸ்அப் உரையாடல், யு.பி.ஐ. ரசீது நான்கையும் சேர்த்து வையுங்கள். ஆன்லைனில் ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும், கடையில் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிடுங்கள். 1930-ஐப் பொறுத்தவரை பணம் அனுப்பிய அன்றே அழைத்தால்தான் அந்தத் தொகையைக் கணக்கிலேயே முடக்க ஓரளவு வாய்ப்பு.