ரி.ஆர்.சி. லைற்: புளூரூத் டப்பாவா, கராஜ் ஸ்கானா, சொந்த ஸ்கானரா?

வழுக்குகிற கார் படம் போட்ட அந்த மஞ்சள் லைற், மணற்காட்டுப் பக்கம் மணலில் சில்லு சும்மா சுத்தும்போது மின்னினால் பிழை ஒன்றுமில்லை. சில்லு வழுக்காமல் பிடிக்கிற ட்ரக்ஷன் கொன்றோல் (ரி.ஆர்.சி.) தன் வேலையைச் செய்கிறது. தார் ரோட்டிலும் அணையாமல் நின்று எரிந்தால்தான் தேடவேண்டும். சிவப்பு பிறேக் லைற்றும் கூட எரிந்தால் இதை வாசிப்பதை விட்டுக் காரை ஓரம் கட்டுங்கோ.

ஜப்பானில் 2012 ஒக்டோபருக்குப் பிறகு வந்த புது மொடல் கார்களுக்கு, கார் நிலைதவறிச் சுழலாமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு (அதற்கும் இதே லைற்தான்) கட்டாயமாயிற்று. அந்தக் கார்கள்தான் இப்போது எங்கள் ரோட்டில் வயசு போய் ஓடுகின்றன. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இருந்ததை வைத்தே எல்லாரும் சமாளித்தோம். ஆகவே இந்த லைற் பலருக்கும் பழக்கம்.

காரின் சொக்கெற்றில் செருகிப் பிழையைப் போனில் வாசிக்கிற ஈ.எல்.எம். 327 புளூரூத் டப்பா மலிவு. எஞ்சின் லைற்றும் சேர்ந்து எரிந்தால் அது உதவும், ஏனென்றால் எஞ்சினில் பிழை என்றால் பல கார்கள் ரி.ஆர்.சி.யையும் தாங்களே நிறுத்திவிடும். ஏ.பி.எஸ். (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் காப்பது), ரி.ஆர்.சி. லைற்றுகள் மட்டும் எரிந்தால் கதை வேறு. அந்தப் பிழையின் இலக்கம், அதாவது கோட், 'சி' என்று தொடங்கி ஏ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும், சாதாரண ஆப் எஞ்சினை மட்டும் கேட்டுவிட்டு "பிழை இல்லை" என்று சொல்லும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்கள் சில இந்த டப்பாவோடு கதைக்கவே மாட்டாது.

காசே இல்லாத வழியும் ஒன்று உண்டு. பல ரொயோட்டாக்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெற்றில் 4ஆம், 13ஆம் பின்களை ஒரு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் ஏ.பி.எஸ். லைற் மின்னி இலக்கம் சொல்லும். எந்தச் சில்லின் வேகச் சென்சர் பக்கம் பிழை என்பதை அது காட்டும்: 31 முன் வலம், 32 முன் இடம், 33 பின் வலம், 34 பின் இடம். 16ஆம் பின்னில் பற்றரிக் கரண்ட் நேரே நிற்கிறது. கை தவறினால் பியூஸ் போய்விடும். கண்பார்வை நல்லவர்கள் மட்டும் செய்யுங்கோ.

கராஜ் ஸ்கானைக் குறை சொல்லவில்லை. பெரிய மெசின், அனுபவமான கை. ஆனால் எனக்குக் கிடைத்த பதில்: "தம்பி, முன் இடது சென்சர் காட்டுது, மாத்துவம். அதுக்கும் போகாட்டி ஏ.பி.எஸ். யூனிற்தான்." நிற்கிற காரில் கோட் மட்டும் வாசித்தால் வேறென்ன சொல்லமுடியும்? கோட் காட்டுவது பிழை எந்தச் சில்லுப் பக்கம் என்பதைத்தான். சென்சரா, வயரா, பெயரிங்கா என்பதை அது சொல்லாது. பல கார்களில் பின்சில்லுச் சென்சர் ஹப்போடு ஒட்டியே வரும்; ஊகத்தில் மாற்றினால் ஹப் முழுவதற்கும் காசு.

அதனால்தான் நான் ஏ.பி.எஸ். வாசிக்கக்கூடிய ஒரு கை ஸ்கானரை வாங்கினேன். கோட் பார்க்க அல்ல. ஓடும்போது நாலு சில்லின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுமே, அதற்காக. ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்கவேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி வேலணைப் பக்கம் போகும் நேர் ரோடு இதற்குத் தோதானது. 30 கிலோமீற்றர் வேகத்தில் நாலும் ஒரே இலக்கத்தைச் சுற்றி நிற்கவேண்டும். ஒன்று எப்போதும் பூச்சியமாக நின்றால் வயர் அறுந்தது, இல்லாவிட்டால் சென்சர் செத்தது. சில்லு ஒருமுறை சுற்ற ஒருமுறை விழுந்தால் பெயரிங்கில் உள்ள, சென்சர் வாசிக்கிற காந்த வளையத்தைச் சந்தேகியுங்கோ. எப்போதும் மற்றவற்றை விடக் கொஞ்சம் கூடக் காட்டினால் அந்த ரயரில் காற்றுக் குறைவு, அல்லது சைஸ் வேறு; சின்ன ரயர் வேகமாய்ச் சுத்தும்.

என் காரில் நேரே போகும்போது எல்லாம் ஒழுங்கு. இடப்பக்கம் முழுதாய் ஒடித்தவுடன் முன் இடது பூச்சியம். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப வளைகிற இடத்தில் வயர் உள்ளே அறுந்திருந்தது. வெளித்தோல் புதுசு மாதிரி. சென்சர் மாற்றவில்லை, வயர் ஒட்டி, உறை போட்டுக் கட்டியது தான். பிறகு அதே ரோட்டில் அதே திருப்பத்தில் திரும்பப் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது. கராஜில் என்றால் அதற்கும் இன்னொரு ஸ்கான் காசு.

தீவுப்பக்கம் ஓடுகிற கார்களில் உப்புக்காற்றில் சென்சர் இருக்கும் குழிக்குள் கறள் ஏறும். கறள் சென்சரைத் தூக்கி இடைவெளியைக் கூட்டும். அப்போதும் கோட் 'சென்சர்' என்றுதான் சொல்லும். கழற்றிக் கறளைச் சுரண்டினால் போதுமாக இருக்கலாம். ஒன்று, நவீன சென்சர்களை மல்ரிமீற்றரால் ஓம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. பழைய சுருள் வகைக்குத்தான் அது சரி.

விற்கும்போதும் இது உதவியது. சாவி திருப்பியவுடன் எல்லா லைற்றும் எரிந்து அணைகிறதா என்று இப்போது வாங்குபவர்கள் கவனிக்கிறார்கள்; எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். நான் ஸ்கானரைப் போட்டுக் காட்டினேன், பேரம் அதிலேயே குறைந்தது.

கராஜுக்குப் போகவேண்டிய இடமும் உண்டு. அலைன்மென்ற் செய்தபின் லைற் எரிந்தால் ஸ்டியரிங் கோணச் சென்சருக்குப் பூச்சியம் வைக்கவேண்டி வரலாம். என் ஸ்கானரில் அந்த வசதி இல்லை. ஹைபிரிட்டில் ஓரிரு தடவைதான் போட்டேன், ஐரோப்பியக் காரில் போட்டதே இல்லை, அதற்கு என் சொல்லை எடுக்காதேங்கோ.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் எழுதியதை நம்பாமல் உங்கள் காரையே கடைக்குக் கொண்டுபோங்கோ. ஏ.பி.எஸ். பகுதியைத் திறந்து நாலு சில்லின் வேகமும் தனித்தனியே தெரிகிறதா என்று பாருங்கோ. தெரியாவிட்டால் எவ்வளவு மலிவு என்றாலும் எடுக்கவேண்டாம்.