என்சைமைப் பூட்டி வைக்கும் படிகங்கள்: மூன்றில் எது திறக்கும்?

குப்பம், பலமநேர் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் பால் புழு நோயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புழு வீங்கும், தொட்டாலே தோல் கிழியும், பால் போல நீர் வடியும். அந்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணி மணியாகத் தெரிபவை புரதப் படிகங்கள், உள்ளே வைரஸ். புழு செத்த பிறகும் படிகம் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மல்பெரி இலையோடு இன்னொரு புழுவின் வயிற்றுக்குள் போனால்தான், அங்குள்ள காரத்தில் கரைந்து வைரஸை வெளியே விடும். புழு மனையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டால் போதாது, 2 சதவீத பிளீச்சிங் பவுடரை 0.3 சதவீத சுண்ணாம்பு நீரில் கலந்து அடியுங்கள் என்று சொல்வது இப்படிப்பட்ட எதிரிக்காகத்தான்.

வைரஸ் இருக்கும் இடத்தில் என்சைமை, அதாவது வேதி வேலைகளை வேகப்படுத்தும் புரதத்தை, வைத்தால்? கரைசலாக வைத்த என்சைம் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும். படிகத்துக்குள் அடைத்தால் தாங்கும். அடைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. எது அதிக நாள் தாங்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. தேவையான இடத்தில் திறக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

முதல் வழி பழையது. 1964இல் குவியோச்சோ, ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற என்சைமின் படிகங்களைக் குளுடரால்டிஹைடு என்ற ரசாயனத்தால் பிணைத்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிக்காரர்கள் அறிந்த சரக்குதான். தோலின் புரதத்தைப் பிணைக்கவும் அது பயன்படுகிறது. இங்கே என்சைமே படிகம். சூடு, கரைப்பான் எல்லாவற்றையும் தாங்கும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் என்சைம் வெளியே வராது. அது வேலை செய்ய வேண்டிய பொருள்தான் உள்ளே போக வேண்டும். சின்ன மூலக்கூறு என்றால் சரி. நகரி, புத்தூர் தறித் துணியில் ஏற்றிய கஞ்சியை எடுக்க வேண்டும் என்றால் ஸ்டார்ச் அந்த இடுக்குகளில் நுழையாது. சேமிப்புக்கு நல்ல மதிப்பெண், விடுவிப்புக்குப் பூஜ்யம்.

இரண்டாவது, பட்டுப்புழுவையே தாக்கும் சைப்போவைரஸின் பாலிஹெட்ரா படிகம். பால் புழு வைரஸ் வேறு குடும்பம், தந்திரம் மட்டும் ஒன்று. 2007இல் இதன் அணு அமைப்பு தெரிந்தபோது ரகசியமும் தெரிந்தது: பொதுவாகப் புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர், இதில் ஐந்தில் ஒரு பங்குதான். அவ்வளவு நெருக்கம். ஆய்வாளர்கள் வேண்டிய புரதத்துக்கு ஒரு சிறு வால் சேர்த்து, பூச்சிச் செல்லுக்குள் படிகம் வளரும்போதே அதையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். அடைத்த பிறகு மேலும் நிரப்ப வழியில்லை. பூச்சிச் செல் வளர்ப்பு மலிவும் இல்லை.

மூன்றாவது, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் எடுத்துக்கொண்ட ஓட்டைப் படிகம். கேம்பிலோபாக்டர் ஜெஜூனி பாக்டீரியாவின் ஒரு புரதம் படிகமாகும்போது சுமார் 13 நானோமீட்டர் அகலத்தில் சுரங்கங்கள் விடுகிறது. பல என்சைம்கள் தாராளமாகப் போகும். படிகத்தை முதலில் செய்து பிணைத்துவிட்டு, பிறகு ஊறவைத்தே நிரப்பலாம்; எனக்கு இதில் பிடித்தது இதுதான். உள்ளே போன வழியிலேயே என்சைம் வெளியே வந்தும் விடும் என்பது தலைவலி. அதனால் நிக்கல் போன்ற உலோகத்தில் மாட்டி வைத்து, எடுக்கும்போது இடிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றி உலோகத்தைப் பிடுங்கும் உத்தி உண்டு.

படிகமாகச் சேமித்து மெதுவாக விடுவது ஆய்வகக் கனவு என்று நினைக்க வேண்டாம். 1946இல் உருவாக்கப்பட்ட, மெதுவாக வேலை செய்யும் என்.பி.எச். இன்சுலின் அதுதான். அது என்சைம் இல்லை, ஹார்மோன். ஆனாலும் கலங்கலாக இருக்கும் அந்தக் குப்பியை உள்ளங்கையில் உருட்டிவிட்டு ஊசி ஏற்றுகிறார்களே, அந்தக் கலங்கல் படிகத் துகள்கள்.

சரி, பட்டு நூலில் செரிசின் கோந்தை எடுக்க இவற்றில் எதையாவது பயன்படுத்தலாமா? பாலிஹெட்ராதான் முதலில் நினைவுக்கு வரும், பட்டுப்புழுவிலிருந்தே வந்ததால். ஆனால் அது திறக்க பி.எச். பத்துக்கு மேல் வேண்டும். வழக்கமான சோப்பு-சோடா கொதிநீரில் காரம் ஏறக்குறைய அந்த அளவு இருக்கும், ஆனால் வெளியே வரும் என்சைம் வெந்துவிடும். என்சைம் முறையிலோ இளஞ்சூடு, மிதமான காரம். அங்கே படிகம் திறக்காது. ஓட்டைப் படிகம் திறக்கும்தான், ஆனால் நோய்ப் பரிசோதனைக் கிட்டுக்குக் கட்டுப்படியாகும் விலை சாயப்பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. பட்டறைக்கு இன்றைக்கு உலர்ந்த என்சைம் பவுடரே மேல். டப்பாவை மட்டும் ஈரம் படாமல் இறுக மூடி வைக்க வேண்டும்.