“5400 ஆர்பிஎம், சத்தமே வராது” என்று விற்ற ஹார்டு டிஸ்க்: வாங்கும் முன் படியுங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள், அதிலும் படுக்கையறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். டேட்டா சென்டரில் ஓடும் வகையைச் சேர்ந்த பழைய சர்வர் டிஸ்க்கைப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

குடும்பப் படங்கள், வீடியோக்கள் போட்டு வைக்க 4 டிபி டிஸ்க் கேட்டேன். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருப்பதால் வேகம் முக்கியமில்லை. சூடாகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அதே அறையில் குழந்தை தூங்குகிறது என்பதையும் சொன்னேன். “அப்போ 5400 ஆர்பிஎம்தான் சார் உங்களுக்கு. ஓடுறதே தெரியாது” என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆர்பிஎம் என்றால் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. பெட்டி இல்லை, வெறும் வெள்ளிக் கவர். “இன்டர்னல் டிஸ்க் எல்லாம் இப்படித்தான் சார் வரும்” என்றார். இங்கே பெட்டியில்லாமல் விற்பது சகஜம்தான். அதனால்தான் இந்த மோசடி இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

மாட்டி ஆன் செய்ததும் ஒரே ரீங்காரம், கேபினட்டின் பக்கத் தகடே அதிர்ந்தது. எதையாவது காப்பி செய்தால் கட்டக், கட்டக் என்று ஃபேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். சுழலும் வேகம் 7200. வெப்பம் 54 டிகிரி. ஓடிய நேரம் 26,000 மணிக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட மூன்று வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க். திரையில் ஒரு சீரியல் எண், ஸ்டிக்கரில் வேறு எண். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்கிறது, கேபிள் மாட்டும் சாட்டா முனைகளின் தங்கப் பூச்சில் கோடு கோடாகக் கீறல்.

சர்வர் டிஸ்க் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அது பெரிய ஃபேன்கள் ஓயாமல் காற்றடிக்கும் அறைக்காகச் செய்தது. அங்கே யாரும் படுத்துத் தூங்குவதில்லை. தட்டு வேகமாகச் சுற்றச் சுற்ற கரண்டும் கூடும், சூடும் கூடும். 5400 டிஸ்க் சும்மா சுற்றும்போது மூன்று, நான்கு வாட் எடுத்தால், 7200 சர்வர் டிஸ்க் ஆறேழு வாட் எடுக்கும். காற்றோட்டமில்லாத கேபினட்டில், சென்னை மே மாதத்தில், அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். டேட்டாஷீட் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: சத்தத்தைச் சில கம்பெனிகள் பெல் கணக்கில் போடுவார்கள். 2.8 பெல் என்றால் 28 டெசிபல். எண் சின்னதாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

வேகத்துக்கு ஸ்டிக்கரை மட்டும் நம்பவும் முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ‘5400 ஆர்பிஎம் கிளாஸ்’ என்று விற்ற சில டிஸ்க்குகள் உண்மையில் 7200-ல் சுற்றுவது 2020-ல் வெளியே வந்தது. சாஃப்ட்வேர் அவற்றையும் 5400 என்றே காட்டும். சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். போனில் சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு டிஸ்க் பக்கத்தில் பிடித்தால், 5400-க்கு 90 ஹெர்ட்ஸிலும் 7200-க்கு 120 ஹெர்ட்ஸிலும் கோடு எழும்பும்.

எனக்கு விற்றவர்கள் ஓடிய மணிக்கணக்கைக்கூட அழிக்கவில்லை. வேறு சிலர் அதையும் அழித்து விற்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சீகேட் சர்வர் டிஸ்க்குகள் அப்படித்தான் புதுசு என்ற பெயரில் விற்கப்பட்டது அம்பலமானது. சீகேட் டிஸ்க்கில் ஓடிய மணிக்கணக்கைத் தனியாகக் குறித்துவைக்கும் ‘ஃபார்ம்’ என்ற பதிவு ஒன்று உண்டு, ஸ்மார்ட்சிடிஎல் என்ற சாஃப்ட்வேரின் 7.4-லும் அதற்குப் பிறகு வந்த பதிப்புகளிலும் அதைப் படிக்கலாம். வழக்கமாகக் காட்டும் மணிக்கணக்கும் ஃபார்மில் இருக்கும் மணிக்கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள்.

திருப்பிக் கொண்டுபோனபோது, “டிஸ்க்னா சத்தம் வரத்தான் சார் செய்யும்” என்றார்கள். சீரியல் எண் மாறியிருப்பதைக் காட்டியதும், வித்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார்கள். பில்லில் ‘4 டிபி ஹார்டு டிஸ்க்’ என்று மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி மணிக்கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், சீரியல் எண்ணைக் கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் அங்கேயே போட்டுப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லையும் டிஸ்க்கையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் கொடுங்கள்.